நாவில் ஒரு சிட்டிகை மண்

என் நாக்கில் வைத்த மண்ணின் ருசி எனக்கு ஞாபகமில்லை. வைத்தவள் அப்பத்தா. ஒரு வயசு நிரம்பாத என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு காரைக்குடியிலிருந்து நாட்டரசன்கோட்டைக்கு பஸ் ஏறியிருக்கிறாள். கம்பன் சமாதியில் ஒரு சிட்டிகை மண் எடுத்து நாவில் தடவினால் பிள்ளைக்குத் தமிழ் வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. "அழுவேன்னு பாத்தேன், சப்புக் கொட்டுனே" என்று சொல்லிச் சொல்லியே அதை என் நினைவாக்கிவிட்டாள்.

எனக்கே ஞாபகமிருப்பது தூக்குவாளிதான். பங்குனியில் கம்பன் விழா வந்தால் பொழுது சாய்வதற்குள் அடுப்படி வேலை முடிந்துவிடும். வாளி நிறையச் சீப்புச் சீடை, மேலே நாலு மாவுருண்டை. கம்பன் மணிமண்டபத்துக்குக் குடும்பம் குடும்பமாக நடப்போம். அழைப்பிதழில் போட்ட நேரத்துக்கு விழா தொடங்கிவிடும், ஒருவருக்காகவும் காத்திராது. அது சா. கணேசன் பழக்கிவிட்டுப் போன கண்டிப்பு. கம்பன் அடிப்பொடி என்று தன்னைச் சொல்லிக்கொண்ட அவர் 1939-இல் தொடங்கிய கம்பன் கழகம் நடத்தும் விழா இது. முதல் விழாவுக்கு ரசிகமணி டி.கே.சி. தலைமை.

பேச்சு நடக்கும்போது சீடையைக் கடித்தால் சத்தம் கேட்கும். "வாயில போட்டு ஊற வையி" என்பாள் அப்பத்தா. ஒரு பக்கக் கன்னத்தில் அதை ஒதுக்கிவைத்து, உப்பும் எண்ணெயும் மெல்ல இறங்க இறங்க, ஒரு சீடை கரைவதற்குள் மேடையில் ஒரு பாட்டு முடிந்திருக்கும். இன்றைக்கும் விருத்தம் காதில் விழுந்தால் எனக்கு நாக்கில் சீடைதான் ஊறுகிறது.

பாட்டை மேடைப் பேச்சாளர்கள் சொல்லும் முறையே தனி. முதலில் ஒரே மூச்சில் சொல்வார்கள். பிறகு சீர் பிரித்து நிறுத்தி நிறுத்தி. அப்புறம் ராகம் போட்டு. மூன்றாம் முறைதான் அப்பத்தாவின் தலை ஆடும். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கைநாட்டு. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல் கொண்ட கம்பராமாயணத்தை அவள் திறந்ததே இல்லை. ஆனால் மறுநாள் ஆட்டுரலில் மாவு தள்ளும்போது அதே ராகம் வரும். சொல் மறந்த இடத்தில் அவளே ஒன்றைப் போட்டு நிரப்பிக்கொள்வாள். தமிழைக் காதால் படித்த மனுஷி அவள். நானும் பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட அவள் மடியில் படுத்துக் கேட்டதுதான் அதிகம்.

கம்பனுக்கு எதிர்ப்பும் இருந்தது. 1943-இல் கம்பராமாயணத்தைக் கொளுத்த வேண்டும் என்று அண்ணா வாதாடினார், ரா.பி. சேதுப்பிள்ளையும் நாவலர் சோமசுந்தர பாரதியும் எதிர்வாதம் செய்தார்கள். ஊரெல்லாம் அந்தச் சூடு. இந்தப் பக்கம் பொதுவுடைமைத் தலைவர் ஜீவா கம்பன் மேடையில் ஏறிப் பேசி எல்லாரையும் சொக்க வைத்தார். அந்தக் கதையை அப்பா எத்தனை தரம் சொல்லியிருக்கிறார்!

அந்த நாளில் விழாவில் பட்டிமன்றத்துக்குத்தான் கூட்டம் நெரியும். குன்றக்குடி அடிகளார் நடுவராக உட்கார்ந்தால் பெண்கள் பக்கம் சலசலப்பு அடங்கிவிடும். தீர்ப்பு வீட்டுக்கு வந்த பிறகும் முடியாது. அப்பத்தா கைகேயி கட்சி. "பெத்த பிள்ளைக்குக் கேக்காம யாருக்குக் கேப்பா?" என்பாள். அப்பா பதில் சொல்வார், அம்மா பாதி தூக்கத்தில் இன்னொரு பதில் சொல்வாள், திண்ணையில் பன்னிரண்டு மணி வரை வழக்கு நடக்கும். எங்கள் வீட்டில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பேசிய ராத்திரிகள் அவைதான்.

கம்பன் பிறந்தது சோழ நாட்டுத் தேரழுந்தூர். அடங்கியது எங்கள் சீமையில். பங்குனி அத்தத்தன்று நாட்டரசன்கோட்டையில் விழா நிறைவு பெறும். புதுச்சேரி, சென்னை, யாழ்ப்பாணம், கொழும்பு என்று கம்பன் கழகங்கள் பிறகு எங்கெங்கோ முளைத்துவிட்டன. ஆனாலும் அத்தத்தன்று அந்த மண்ணில் நிற்பது வேறு.

போன பங்குனியில் மகள் குழந்தையோடு வந்திருந்தாள். சமாதியில் நான் குனிந்து மண் எடுத்தபோது அவள் முகத்தில் தயக்கம். சுத்தமாக இருக்குமா என்ற கவலை, தாய்தானே. நான் வற்புறுத்தவில்லை. விரல் நுனியில் மண்ணோடு நின்றேன். அவள் என் கையைப் பிடித்து, அந்த மண்ணில் கொஞ்சம் எடுத்து முதலில் தன் நாக்கில் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடி ஒரு நிமிஷம் ருசி பார்த்தாள். பிறகு பிள்ளையின் வாயைத் திறந்தாள்.

அது அழவில்லை. சப்புக் கொட்டியது.