வாய்க்கு அபராதம்

லாரியில் ஏறி உட்கார்ந்ததும், ஊர் ஊராக ஆடு மேய்க்கும் கீதாரியின் மனைவி என் மடியில் ஒரு குட்டியைப் போட்டுவிட்டார். பிறந்து இரண்டு நாள்தான். பின்னால் விட்டால் பெரிய ஆடுகள் மிதித்துவிடுமாம். திருவாடானைப் பக்கத்திலிருந்து ஒரத்தநாடு போய்ச் சேர்வதற்குள் அது என் வேட்டியை மூன்று முறை நனைத்தது.

கீதாரியுடைய அப்பா காலத்தில் வழியெல்லாம் மேய்த்து, அங்கங்கே கிடை போட்டு, நடந்தேதான் தஞ்சாவூர்ச் சீமைக்கு வருவார்களாம். "இப்ப நடந்தா பாதி ஆட்டை ரோடே தின்னுரும் தம்பி" என்றார் கீதாரி. ஆளைவிடத் துரட்டிக் கம்பு உயரம். லாரிக்குள் அதை வைக்க இடமில்லாமல் பக்கவாட்டில் கட்டியிருந்தார்.

நான் காங்கேயத்துக்காரன். எங்கள் ஊரில் கொறங்காடு உண்டு. கொழுக்கட்டைப் புல், வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. காலையில் படலைத் திறந்து உள்ளே விட்டால் ஆடு அதுபாட்டுக்கு மேயும். வேலியில்லாமல் ஊர் ஊராக ஆடு ஓட்டுகிறவர்களை எங்கள் அப்பாரு ஒருநாளும் நம்பியதில்லை. அந்தச் சந்தேகம் எனக்கும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. கொறங்காட்டைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். கீதாரி முழுசாகக் கேட்டுவிட்டு, "வேலியே பாத்துக்குமுன்னா அப்புறம் நீங்க எதுக்கு?" என்றார்.

பங்குனி மாதம். சம்பா அறுத்த வயல்களில் தாள் மட்டும் நின்றது. ஆனால் எல்லா வயலிலும் அப்படியில்லை. அறுப்புக்குப் பத்து நாள் இருக்கும்போதே நிற்கிற நெல்லுக்குள் உளுந்தை விதைத்துவிடுகிறார்கள். தண்ணீர் பாய்ச்சாமல் மண்ணின் ஈரத்திலும் பனியிலுமே அது விளைந்துவிடுகிறது. கிணற்றுத் தண்ணீருக்குச் சண்டை போட்டு வளர்ந்த எனக்கு இது அநியாயமாகப் பட்டது. டெல்டாக்காரர்களுக்குப் பனிகூட வேலை செய்கிறது.

சிக்கல் அந்த உளுந்தில்தான் வந்தது. மறுநாள் காலை வாய்க்கால் கரையோரம் மந்தை போகையில் ஏழெட்டு ஆடுகள் வரப்பைத் தாண்டின. கீதாரி மகன் ஓடித் திருப்புவதற்குள் ஒரு மூலை மொட்டை. வயல்காரர் மோட்டார் சைக்கிளைக் கரையில் சாய்த்துவிட்டு இறங்கினார். "கோனாரே, வருசா வருசம் இதே பொழப்பா?" என்று ஆரம்பித்தவர் போகப் போகப் பேசியதை எழுத முடியாது. ஆட்டைப் பிடித்துக்கொண்டுபோய்க் கட்டிப்போடுவேன் என்றார். கீதாரி கைகட்டி நின்றார். "வாயில்லா ஜீவன்யா" என்றார்.

"வாய் இருக்கப் போயிதான்யா திங்கிது!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு யாருக்கும் வரவில்லை. கடைசியில் அபராதம் பேசி, கீதாரி இடுப்பு மடிப்பிலிருந்து எண்ணிக் கொடுத்தார். அப்பாரு சொன்னது சரிதான் என்று அன்று பகல் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரவு கிடை வேறொருவர் வயலில். வலையை வளைத்துக் கட்டி ஆடுகளை அடைத்தார்கள். ராமநாதபுரம் வெள்ளை ஆடுகள் நிலவில் உப்பு கொட்டிவைத்ததுபோல் கிடந்தன. நடுச்சாமத்தில் கீதாரி எழுந்து எல்லாவற்றையும் கிளப்பி, வலையைப் பக்கத்து இடத்துக்கு மாற்றினார். எழுந்த ஆடு முதலில் செய்வது மூத்திரம் பெய்வதுதான். அது புது இடத்தில் விழ வேண்டும், அவ்வளவே கணக்கு. வயலுக்குச் சொந்தக்காரர் தூங்காமல் வரப்பில் துண்டு விரித்து உட்கார்ந்து, ஆடுகள் தன் எல்லையைத் தாண்டிப் படுக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வயலுக்கு ஒரு புழுக்கை போனாலும் நஷ்டம். ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம் என்று எங்கள் ஊரிலும் சொல்வோம்தான். அதற்காகக் கண்விழித்த ஆளை இங்கேதான் பார்த்தேன். முன்பு கிடைக்கூலியை நெல்லாக அளந்தார்களாம், இப்போது ரொக்கம். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் நாற்றங்கால் வேலை தொடங்கிவிடும். அதற்குள் எல்லா வயலிலும் ஆட்டைப் படுக்கவைக்க ஆளுக்கு ஆள் முந்துகிறார்கள்.

விடிந்ததும் மூன்று செங்கல் அடுப்பில் வரக்காப்பி கொதித்துக்கொண்டிருந்தபோது மோட்டார் சைக்கிள் சத்தம். நேற்றைய உளுந்துக்காரர். மறுபடியும் ஏதோ மேய்ந்துவிட்டது என்று நினைத்து நான் குட்டிக்கூட்டின் பக்கம் நகர்ந்தேன். அவர் காப்பித் தம்ளரை வாங்கிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"பத்து நாள்ல உளுந்து எடுத்துருவேன். நம்ம வயல்ல நாலு ராத்திரி மறிக்கணுமே, கோனாரே."

கீதாரி கொஞ்ச நேரம் ஆடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு தொகை சொன்னார். முந்தின இரவு மறித்த வயலுக்கு எவ்வளவு வாங்கினார் என்று எனக்குத் தெரியும். கூட்டிக் கழித்துப் பார்த்தேன். அபராதம் அப்படியே உள்ளே இருந்தது. அவர் மனைவி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.