நாலு சக்கரமும் சுத்தினா வெள்ளத்தைத் தாண்டிடலாமா?

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் மழை. பெருங்களத்தூர் பக்கம் ஒரு முதலை ஹாயாக ரோட்டைக் கடந்து போன வீடியோ ஞாபகம் இருக்கிறதா? முதலைக்கு நீச்சல் தெரியும். இரண்டு டன் எஸ்.யூ.வி.க்குத் தெரியாது!

"நம்ம வண்டி ஃபோர் வீல் டிரைவ்ப்பா, எங்க வேணா போகும்" என்று சொல்லும் அப்பாக்கள் ஏரியாவுக்கு நாலு பேர் இருப்பார்கள். அந்த நம்பிக்கை பாதிதான் சரி.

சரியான பாதி இது. சாதாரணமாக எஞ்சினின் சக்தி இரண்டு சக்கரங்களுக்குத்தான் போகும். ஃபோர் வீல் போட்டால் நாலுக்கும் போகும். காலி மனைச் சேற்றில் பின்சக்கரம் வழுக்கிச் சுற்றும்போது முன்சக்கரம் வண்டியை இழுத்து வெளியே கொண்டுவரும். ஈரமண், மணல் என்றால் 'ஃபோர் ஹை'. ஆழமான சேறு, செங்குத்தான மேடு என்றால் 'ஃபோர் லோ'. இதில் வேகம் குறைவு, இழுவை அதிகம்.

தேவைப்படும்போது மட்டும் போடுகிற வகை வண்டியில், காய்ந்த ஜி.எஸ்.டி. ரோட்டில் இதைப் போடக்கூடாது. திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிட்டால் ஸ்டீயரிங் இறுகும், டயர் தேயும், கியர் பாகங்கள் கெடும். பிரேக்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பிரேக் சாதாரண காரிலும் நாலு சக்கரத்துக்கும் இருக்கிறதே!

இப்போது தப்பான பாதி. 2015 டிசம்பர் 1-2ல் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. அடையாறு பொங்கி முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் மூழ்கின. அப்படிப்பட்ட தண்ணீரில் நாலு சக்கரம் என்ன செய்யும்? தண்ணீர் வண்டியைத் தூக்கத் தூக்க டயருக்கு ரோட்டில் பிடிப்பு குறையும். பிடிப்பே இல்லாவிட்டால் நாலும் சும்மாதான் சுற்றும். வேகமாக ஓடும் இரண்டடித் தண்ணீர் போதும், எஸ்.யூ.வி.யையே அடித்துக்கொண்டு போக. உள்ளே குடும்பம் உட்கார்ந்திருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

கொஞ்சம் காமர்ஸ் கணக்கும் பார்ப்போம். காற்று போகும் வழியில் தண்ணீர் புகுந்தால் எஞ்சின் உள்ளேயே உடையும். நின்றுபோன வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் இன்னும் மோசம். சாதாரண பாலிசியில் இந்தச் செலவு பெரும்பாலும் கிடைக்காது. 'எஞ்சின் ப்ரொடெக்ட்' என்று தனியாக ப்ரீமியம் கட்டியிருக்க வேண்டும். அதிலும் கண்டிஷன்கள் உண்டு.

2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தினார்கள். ஊரே சிரித்தது. ஆனால் தண்ணீர் வருவதற்கு முன்பே மேட்டுக்குப் போய்விடுவதுதான் உண்மையான புத்திசாலித்தனம். அதற்கு இரண்டு சக்கர டிரைவே தாராளம்!