இரவல் தர முடியாத பெயர்

தோட்டத்து மளிகைக் கடையில் கடன் வாங்க யாரும் பாரம் நிரப்பியதில்லை. “யார் வீட்டுப் பிள்ளை?” என்ற ஒரே கேள்விதான். எங்கள் தாத்தா கோலசிலாங்கூர் பக்கம் ரப்பர் மரம் சீவியவர். சம்பள நாளன்று முதல் வேலையாகக் கடைக் கணக்கைத் தீர்த்துவிடுவார். அதனால் அவர் பெயரைச் சொன்னாலே பிள்ளைகளுக்கு அரிசியும் சீனியும் கிடைத்தன என்று அம்மா பெருமையாகச் சொல்வார். காசுக்கும் வாக்குத் தவறாத குணத்துக்கும் தமிழில் ‘நாணயம்’ என்று ஒரே சொல் இருக்கிறது.

அந்த நினைப்போடு வளர்ந்தவர் அம்மா. அதனால்தான் தம்பி வந்து, “உங்க கார்டுல என்னையும் சேர்த்துவிடுங்கம்மா” என்று கேட்டபோது உடனே சரி என்றார்.

தம்பியின் கதை பல வீடுகளில் நடந்ததுதான். 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் ஹோட்டல் வேலை போனது. அந்த ஏப்ரலில் தொடங்கிய ஆறு மாதத் தவணை ஒத்திவைப்பு மோட்டார் கடனுக்குக் கிடைத்தது. கடன் அட்டை நிலுவைக்குக் கிடைக்கவில்லை. அட்டைக் கடன் வளர்ந்துகொண்டே போனது. பிறகு ஏகேபிகேயில் பதிந்து, மாதாமாதம் கட்டி, ஒருவழியாக முடித்தான். இப்போது ஷா ஆலமில் விற்பனை வேலை. கார் இல்லாமல் முடியாது. கடன் கேட்டு இரண்டு வங்கிகளுக்கு விண்ணப்பித்தான். இரண்டும் கையை விரித்துவிட்டன.

அந்த நேரத்தில்தான் ஓர் அமெரிக்கக் காணொளியைப் பார்த்திருக்கிறான். நல்ல கணக்கு வைத்திருக்கும் உறவினரின் அட்டையில் உங்கள் பெயரைச் சேர்த்தால் போதும், அவருடைய நல்ல பதிவு உங்களுக்கும் வந்துவிடும் என்கிறது அது.

அது பொய்யில்லை. அங்கே அப்படித்தான். முன்பு அங்கே அட்டையெல்லாம் கணவர் பெயரில் இருக்கும். மனைவிக்கென்று கடன் வரலாறே இருக்காது. கணவர் இறந்தாலோ பிரிந்தாலோ அந்தப் பெண்ணை எந்த வங்கிக்கும் தெரியாது. 1974-இல் வந்த சமக் கடன் வாய்ப்புச் சட்டமும் அதையொட்டிய விதிகளும், மனைவி பயன்படுத்தும் கணக்கு அவர் பெயரிலும் பதிவாக வழி செய்தன. அந்த வழியில்தான் பிள்ளைகளும் உறவினர்களும் இன்று பயன் பெறுகிறார்கள். முன்பின் தெரியாதவர்களுக்கு அட்டையில் இடம் விற்கும் வியாபாரம்கூடக் கிளம்பியது. அட்டைக்காரர் கட்டத் தவறினால் அந்தக் கறையும் சேர்ந்தே வரும் என்பது வேறு விஷயம்.

நம் நாட்டில் நிலைமை வேறு. இங்கே துணை அட்டை என்கிறோம். 18 வயதானால் வாங்கலாம். ஆண்டுக்கு 25 ரிங்கிட் சேவை வரி. ஆனால் கணக்கு முழுவதும் முதன்மை அட்டைதாரருடையது. செலவு, பாக்கி, தாமதம் எல்லாம் அவர் பெயரில்தான் பதிவாகும். ஓராண்டு ஒழுங்காகப் பயன்படுத்தினாலும் தம்பியின் பெயரில் ஒரு வரிகூட ஏறாது. அவன் ஒரு மாதம் தடுமாறினால் அம்மாவின் பெயர்தான் கெடும். 12 மாதம் நேரத்தோடு கட்டியவருக்கு வட்டி ஆண்டுக்கு 15 விழுக்காடு. தவறியவருக்கு 18 வரை போகும். ஓய்வூதியத்தில் வாழும் அம்மா அந்தச் சுமையை ஏற்க வேண்டியிருக்கும்.

இதைச் சொன்னபோது அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. “என் பிள்ளைக்கு என் பேரைக் கொடுக்கக் கூடாதா?” என்றார். அதற்குப் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது. “கொடுக்கக் கூடாதுன்னு சொல்லலம்மா. கொடுத்தாலும் அவனுக்குப் போய்ச் சேராது” என்றேன். தம்பி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். அக்கா தன்னை நம்பவில்லை என்று அவன் நினைத்திருக்கலாம்.

அன்று இரவு இருவரும் சேர்ந்து பேங்க் நெகாராவின் இசிசிரிஸ் தளத்தில் அவன் அறிக்கையை எடுத்தோம். இலவசம்தான். கடன் கணக்குகளின் கடைசி 12 மாதக் கட்டண நிலவரம் அதில் தெரியும். பழைய கறை போயிருந்தது. நல்லதாகவும் எதுவும் இல்லை. வெறும் தாள்.

கெட்ட பெயர் போவது ஒன்று, நல்ல பெயர் வருவது வேறொன்று. இரண்டாவதற்குச் சொந்தக் கணக்கு வேண்டும். நிரந்தர வைப்புத்தொகையைப் பிணையாக வைத்துக்கொண்டு கடன் அட்டை தரும் வங்கிகள் இங்கே உண்டு. தம்பி தன் சேமிப்பைப் போட்டு அப்படி ஒன்றை எடுத்தான். பெட்ரோலுக்கும் கைப்பேசிக் கட்டணத்துக்கும் மட்டும்தான் பயன்படுத்துகிறான். பில் வந்ததும் முழுத் தொகையையும் கட்டிவிடுகிறான். குறைந்தபட்சமான 5 விழுக்காட்டை மட்டும் கட்டினால் பதிவு நன்றாக இருக்கும், மீதிக்கு வட்டி ஓடும்.

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிக் கேட்டு வரலாம். உடனே அட்டையை நீட்டவும் வேண்டாம், கதவைச் சாத்தவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து அறிக்கையைத் திறந்து பாருங்கள். கடன் இன்னும் கழுத்தை நெரித்தால் ஏகேபிகேயின் ஆலோசனைக்குக் கட்டணம் கிடையாது. இதற்கெல்லாம் கூட ஒருவர் இருந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

இப்போது ஏழு மாதம் ஆகிறது. 12 முடிந்த பிறகே கார் கடனுக்கு விண்ணப்பம் என்று முடிவு செய்திருக்கிறான். அதுவரை கிள்ளானிலிருந்து ஷா ஆலமுக்கு அதே பழைய மோட்டார்தான். மாதம் பிறந்தால் அம்மா கேட்பது, “பில்லைக் கட்டிட்டியாப்பா?” மழை பெய்தால் கேட்காமலே தன் காரின் சாவியை எடுத்து மேசைமேல் வைத்துவிடுகிறார்.