அடைத்த கதவு

ஒரகடம் சிப்காட்டில் இரவுப்பணி முடித்து, கம்பெனிப் பேருந்திலிருந்து இறங்கியதும் சீருடையோடே காலைத் திருப்பலிக்கு வரும் தாய் ஒருவர் எங்கள் பங்கில் உண்டு. கணவருக்கும் அவருக்கும் வெவ்வேறு ஷிப்டு. மாலையில் மகன் தனியே இருக்கலாகாது என்று கராத்தே வகுப்பில் சேர்த்தார். வகுப்பு நடந்தது பங்கு மண்டபத்தில். இடம் கொடுத்தவன் நான்.

மண்டபம் கேட்டு வந்த பயிற்றுநர் கோப்பைகளையும் சான்றிதழ்களையும் என் மேசைமேல் பரப்பினார். அவற்றின் பளபளப்பைப் பார்த்தேனேயன்றி, அவருக்குக் கற்பித்தவர் யார், சான்று அளித்த அமைப்பு எது என்று நான் வினவவில்லை.

சில வாரங்களில், பிள்ளைகளின் கவனம் சிதறும் என்று கூறிப் பெற்றோரை வெளியே நிறுத்திக் கதவை அடைத்தார். இரண்டு மாதத்திற்கு ஒரு பட்டைத் தேர்வு. ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். கட்டியவர் எவரும் தோற்றதில்லை. எல்லாம் என் கண்முன்னேதான் நடந்தன. எனக்கு உறைக்கவில்லை.

ஒரு ஞாயிறன்று பீடச் சிறுவனாக நின்ற அந்த மகன், மணியை இடக்கையால் அடித்தான். வலக்கை மணிக்கட்டு வீங்கியிருந்தது. திருப்பலிக்குப் பின் விசாரித்தேன்.

"ஒன்றுமில்லை ஃபாதர். வீட்டில் சொல்பவன் கோழை என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறார்."

அன்றே வகுப்பை நிறுத்தினேன். அந்தத் தாயிடம் மன்னிப்பும் கேட்டேன்.

1882இல் டோக்கியோவில் கனோ ஜிகோரோ தொடங்கிய ஜூடோ பள்ளியிலிருந்தே கறுப்புப் பட்டை வழக்கம் கராத்தேக்கும் வந்தது. பல ஆண்டு உழைப்பின் அடையாளம் அது. அதை ஓரிரு ஆண்டில் தருவதாக ஒருவர் வாக்களித்தால், அங்கே நடப்பது வணிகம். வலியைச் சொல்லும் பிள்ளையை ஏளனம் செய்வதும், சிறுவரைப் பெரியவரோடு காப்பணியின்றி மோதவிடுவதும், கேள்வி கேட்கும் பெற்றோரைப் பகைவராகக் கருதுவதும் தீய அறிகுறிகளே. ஆனால் இவை யாவற்றினும் பெரியது இரகசியம்.

2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டச் செய்தி நம்மை உலுக்கியது. ஒரு தனியார் பள்ளியில் தேசிய மாணவர் படையின் பெயரால் போலி முகாம் நடத்தப்பட்டு, மாணவியர் பாலியல் கொடுமைக்கு ஆளாயினர். நடந்ததை மறைத்ததாகப் பள்ளிப் பொறுப்பாளர்களும் கைதாயினர். சீருடையைக் கண்டதும் சான்றைச் சரிபார்க்க மறந்தது பள்ளி. நானும் அதையே செய்தவன்தானே?

ஒப்புரவு அருட்சாதனத்தின் இரகசியம், மனம் வருந்தி வருபவரைக் காக்கிறது. பிள்ளைமேல் சுமத்தப்படும் இரகசியமோ, தவறு செய்பவரைக் காக்கிறது. ஆட்டுத்தோல் போர்த்த ஓநாய்களைக் கனிகளால் அறியுமாறு ஆண்டவர் எச்சரித்தார். வகுப்பு முடிந்து வரும் பிள்ளையின் முகமே அக்கனி. அதில் களைப்பு இருக்கலாம், அச்சம் இருத்தலாகாது. அச்சத்தைக் கண்டால் அமர்ந்து கேளுங்கள். தேவையெனில் 1098 என்னும் சிறார் உதவி எண்ணை அழையுங்கள்.

இப்போது வேறோர் ஆசான் மண்டபத்தில் சிலம்பம் கற்பிக்கிறார். சேர்க்குமுன் அவருடைய ஆசானை நேரில் கண்டு பேசினேன். பெற்றோர் இருவர் முறைவைத்து உள்ளே அமர்கின்றனர். கதவு திறந்தே இருக்கிறது.