மயிலுக்கு முன்னால் மனம்

லிங்கராஜபுரம் மேம்பாலத்தை ஒட்டிய சந்தில், மாடி அறையொன்றில் தங்கியிருந்த மொழியியல் ஆய்வு மாணவியிடம் பழைய மடிக்கணினி ஒன்றுதான் இருந்தது. புதிது வாங்கலாமென்றால் உதவித்தொகை வந்தபாடில்லை. இருப்பதில் எந்த இயங்குதளம் விரைவாக ஓடும் என்றறிய, லினக்ஸையும் ஓபன்பிஎஸ்டியையும் அருகருகே நிறுவினாள். ஆய்வேட்டின் சொற்பட்டியலை இரண்டிலும் 'சார்ட்' கட்டளையால் அடுக்கி நேரத்தைக் குறித்தாள். ஓபன்பிஎஸ்டி வென்றது. அது தந்த பட்டியலே பின்னிணைப்பாகவும் ஆயிற்று.

நெறியாளர் பென்சிலால் ஓரிடத்தை வட்டமிட்டார். 'மயில்', 'மரம்' இரண்டுக்கும் முன்னால் 'மனம்' நின்றது. தமிழ் நெடுங்கணக்கில் னகரம் கடைசி மெய். இஸ்கி குறியீட்டை அடியொற்றிய யூனிகோடோ அதை நகரத்தின் பக்கத்தில் அமர்த்தியிருக்கிறது. ஓபன்பிஎஸ்டியின் சி நூலகம் மொழிவாரியான வரிசை விதிகளை வைத்துக்கொள்வதில்லை. குறியெண்ணைப் பார்த்தே அடுக்கும். எளிமையை விரும்பி அவர்கள் தெரிந்தே எடுத்த முடிவு அது. லினக்ஸ் தமிழுக்கான அமைப்பில் ஓடியதால், ஒவ்வொரு சொல்லுக்கும் வரிசை அட்டவணையைப் புரட்டிக்கொண்டிருந்தது. அவள் அளந்தது இரு தளங்களின் வேகத்தையன்று, இரு வேறு வேலைகளை.

லினக்ஸிலும் 'எல்சி_ஆல்' மாறியைச் 'சி' என மாற்றி ஓட்டியதும் இடைவெளி பெரிதும் சுருங்கியது. எஞ்சியதில் வன்தட்டுக்கும் பங்குண்டு. சுழலும் தட்டின் வெளிவளையம் உள்வளையத்தைவிட விரைவாகப் படிக்கப்படும். முதலில் நிறுவிய ஓபன்பிஎஸ்டிக்கு அந்த இடம் வாய்த்திருந்தது. இரண்டாம் ஓட்டத்தில் கோப்பு நினைவகத்திலிருந்தே வந்ததால் அந்தச் சலுகையும் மறைந்தது.

2003இல் ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் ஃபான் லைட்னர், லினக்ஸையும் மூன்று பிஎஸ்டிகளையும் ஒப்பிட்டார். ஒற்றை மதிப்பெண் போடாமல், சாக்கெட் திறப்பது, ஃபோர்க் செய்வது போன்ற பணிகள் எண்ணிக்கை கூடக்கூட எவ்வாறு தளர்கின்றன என்று வரைபடமாக்கினார். தளர்ச்சி எங்கே என்று தெரிந்ததால், நெட்பிஎஸ்டி உருவாக்குநர்கள் சில வாரங்களிலேயே திருத்தினர். அவரும் மறுபடி அளந்து வெளியிட்டார். வெற்றி தோல்வியை மட்டும் அறிவித்திருந்தால் சண்டைதான் மிஞ்சியிருக்கும்.

மாணவி தன் அட்டவணையில் நேரத்துக்குப் பக்கத்தில் 'வரிசை விதி' என்றொரு பத்தியைச் சேர்த்தாள். பின்னிணைப்பு அன்றிரவே லினக்ஸில் மீண்டும் அடுக்கப்பட்டது. நேரம் கூடுதலாகத்தான் பிடித்தது. 'மரம்' முன்னே வந்தது.