ஒன்பது சதுரங்கள்

ஐதராபாத்திலிருந்து மும்பைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது பட்டான்செரு. தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். இக்ரிசாட் என்னும் பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் 1972ஆம் ஆண்டு இங்குத்தான் நிறுவப்பட்டது. பணியின் பொருட்டுத் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் இவ்வூரில் உண்டு. அத்தகைய ஒரு வீட்டில் ஓர் இரும்புப் பெட்டி இருந்தது. மதுரையில் மறைந்த அம்மாச்சியின் சுங்குடிச் சேலைகள் நான்கும் அதனுள் இருந்தன. அவை உடுத்த இயலாதவாறு நைந்துபோயிருந்தன. ஆயினும், அவற்றை எறிய அம்மாவுக்கு மனம் வரவில்லை.

மார்கழி மாதம். பட்டான்செருவில் குளிர் மிகுந்திருந்தது. பக்கத்து வீட்டுத் தெலுங்கு மூதாட்டி திண்ணையில் அமர்ந்து பழைய சேலைகளை அடுக்கித் தைத்துக்கொண்டிருந்தார். ஆறாம் வகுப்பில் பயிலும் சிறுமி அதனைக் கண்டாள்.

“என்ன தைக்கிறீர்கள், அவ்வா?” என்று தெலுங்கில் வினவினாள்.

“பொந்த, தாயே! பெட்டியில் வைத்த சேலையைப் பூச்சி உண்ணும். தைத்த சேலையைப் பேரப்பிள்ளை போர்த்திக்கொள்ளும்” என்றார் அவர்.

பழந்துணியை வீணாக்காமல் போர்வையாக்கும் வழக்கம் நம் நாடெங்கும் உண்டு. தெலுங்கர் பொந்த என்பதை மராத்தியர் கோதடி என்பர். வங்காளியர் காந்தா என்பர். தையற்கலை தமிழருக்கும் பழமையானதே. புகார் நகரில் வாழ்ந்த தையற்காரரைச் சிலப்பதிகாரம் ‘துன்னகாரர்’ என்று குறிப்பிடுகிறது.

சிறுமி வீட்டுக்கு ஓடிச் சென்று அம்மாச்சியின் சேலையைக் கேட்டாள். அம்மா நெடுநேரம் பேசவில்லை. “கத்தரித்துவிட்டால் அது அம்மாச்சியின் சேலையாக இராதே” என்றார். பின்னர் மிகவும் கிழிந்த ஒன்றை மட்டும் எடுத்துக் கொடுத்தார். கரையை வெட்டக் கூடாது என்றும் கூறினார்.

அவ்வா வேலையைக் கற்பித்தார். முதலில் நாலரை அங்குலப் பக்கமுள்ள சதுர அட்டை ஒன்றை வெட்டினர். அதனை வைத்து வரைந்து, சுங்குடித் துணியில் ஐந்து சதுரங்களும் அப்பாவின் பழைய வேட்டியில் நான்கு சதுரங்களும் வெட்டினர். இரு துணிகளும் மாறி மாறி வருமாறு, வரிசைக்கு மூன்றாக அவற்றைத் தரையில் அடுக்கினர். இரு சதுரங்களின் நல்ல பக்கங்களை ஒன்றையொன்று நோக்குமாறு வைத்து, ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே தள்ளித் தைக்க வேண்டும். ஒவ்வொரு தையலின் மடிப்பையும் சுங்குடித் துணியின் பக்கமே திருப்பித் தேய்க்க வேண்டும். அவ்வாறு செய்தால், அடுத்தடுத்த வரிசைகளின் மடிப்புகள் எதிரெதிரே அமைந்து, மூலைகள் சரியாகப் பொருந்தும்.

சிறுமி மூன்று வரிசைகளையும் தைத்து முடித்தாள். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது நடுவரிசை குறுகியிருந்தது. மற்றவை பன்னிரண்டரை அங்குலம். அதுவோ பன்னிரண்டு அங்குலமே இருந்தது. அம்மாச்சியின் சேலையைப் பாழாக்கிவிட்டோமோ என்று அவள் கண் கலங்கினாள்.

அம்மா அவ்வரிசையைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். “கால் அங்குலம் விட வேண்டிய இடத்தில் காலே அரைக்கால் விட்டிருக்கிறாய்” என்றார்.

“அரைக்கால் என்றால் என்ன அம்மா?”

“காலில் பாதி, எட்டில் ஒரு பங்கு. அம்மாச்சி அப்படித்தான் அளப்பார். அரைக்கால்படி எண்ணெய் வாங்கி வா என்று என்னைக் கடைக்கு அனுப்புவார்.”

சிறுமி விரலை மடக்கிக் கணக்கிட்டாள். ஒரு வரிசையில் இரண்டு தையல்கள். ஒரு தையலில் இரண்டு துணிகள். ஆக நான்கு அரைக்கால். அதாவது அரை அங்குலம். குறைந்த அளவு அதுவே! அவள் முகம் மலர்ந்தது.

இருவரும் அமர்ந்து தையலைப் பிரித்தனர். பிரிக்கும்போது அம்மா அம்மாச்சியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அச்சேலையை முதன்முதலாக உடுத்திய நாளையும், அடுப்புப் பொறி பட்டு அதில் விழுந்த ஓட்டையையும் பற்றிச் சொன்னார். அம்மாச்சி மறைந்த பின் அம்மா அவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

மாலைக்குள் ஒன்பது சதுரங்களும் ஒன்றாக இணைந்தன. அவ்வா அதனைத் தடவிப் பார்த்து, “நன்று. ஐந்தடி நீளமும் நான்கடி அகலமும் உள்ள போர்வைக்கு இன்னும் பத்தொன்பது வேண்டும்” என்று நகைத்தார்.

அம்மா எழுந்து உள்ளே சென்றார். இரும்புப் பெட்டி திறக்கும் ஓசை கேட்டது. திரும்பி வந்தபோது அவர் கையில் இரண்டாவது சேலை இருந்தது.