அரைத்தாளில் அடங்கும் காமகுரா

தோக்கியோவிலிருந்து காமகுராவுக்கு ஒருநாள் பயணம் போட்டுத் தரச் சொல்லி வருகிறவர்கள் கையில் எப்போதும் ஒரு பட்டியல் இருக்கும். பெரிய புத்தர், மூங்கில் தோப்பு, கடலோர ரயில், எனோஷிமா தீவு, முடிந்தால் திரும்பும் வழியில் யோகோஹாமா சைனாடவுன். எல்லாம் பார்க்க வேண்டிய இடங்கள்தான். ஆனால் அந்தப் பட்டியலைப் பாதியாக வெட்டத்தான் நமக்குக் கூலி. இந்த வேலை கற்க வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது அதைத்தான். சேர்ப்பதற்கு ஆள் தேவையில்லை, போன் போதும்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஜப்பானியப் பெரியவர். ஓய்வுக்குப் பிறகு ஊர் சுற்ற வருகிறவர்களுக்குக் காசு வாங்காமல் வழிகாட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாளின் திட்டம் அவருக்கு ஓர் அரைத்தாள், ஒரு பென்சில். தாளின் மேலிருந்து எழுதமாட்டார். அடியில், கோயில்கள் நடை சாத்தும் நேரத்திலிருந்து தொடங்குவார். எங்காகுஜி நாலரை மணி, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நாலு மணி. ஹாஸெதெராவில் குளிர்காலத்தில் நாலரைக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். பெரிய புத்தர் இருக்கும் கோதோகுயின் குளிர்காலத்தில் ஐந்து, கோடையில் ஐந்தரை. எனவே ஹாஸெதெரா முன்னால், புத்தர் பின்னால். இப்படியே ஒவ்வொரு வரியாக மேலே ஏறி, கடைசியில்தான் காலை ரயிலுக்கு வருவார்.

பயிற்சிக்கு வந்த ஒரு பெண், நல்ல சூட்டிகை, அழகான திட்டம் ஒன்று எழுதி வந்தாள். காலை டிபனில் தொடங்கி வண்ண வண்ணமாகக் கட்டம் கட்டியிருந்தாள். நாலேகாலுக்கு ஹோகோகுஜி மூங்கில் தோப்பு என்று இருந்தது. அந்தக் கோயில் நாலு மணிக்கு மூடுவது. அதுவும் புத்தர் இருக்கும் மேற்குப் பக்கத்துக்கு நேர் எதிரே, ஊரின் கிழக்கு மூலையில். ஒன்றும் சொல்லாமல் ஒரு பென்சிலையும் ரப்பரையும் கொடுத்தேன். அடியிலிருந்து எழுதிப் பார்த்தாள். மூங்கில் தோப்பு தானாகவே விழுந்துவிட்டது. என் ஆசான் என்னிடம் செய்ததும் இதுதான், வாயால் திருத்தமாட்டார்.

வழியின் போக்கை நாம் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, நிலமே சொல்லும். காமகுராவுக்கு மூன்று பக்கம் மலை, தெற்கே கடல். மினாமோட்டோ நோ யோரிதோமோ தன் ஆட்சியை இங்கே வைத்ததற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம். அவர் நாட்டின் படைத்தலைவருக்கான ஷோகன் பட்டம் பெற்றது 1192-இல். உள்ளே வர மலையைக் குடைந்த ஏழு வழிகள்தான். 1333-இல் எதிர்த்து வந்த நித்தா யோஷிசாதாவின் படை இனாமுராகசாக்கி முனையைக் கடலோரமாகச் சுற்றிக்கொண்டு நுழைந்ததோடு அந்த ஆட்சி முடிந்தது. நமக்கும் மலையில் தொடங்கிக் கடலில் முடிப்பதே வசதி. அதனால் காமகுரா நிலையத்தில் இறங்காதீர்கள். ஒரு நிலையம் முன்னாலேயே, கிட்டா காமகுராவில் இறங்குங்கள். பெரிய ஏற்றம் இல்லாத நடைதான். முழங்கால் வலிக்காரர்கள் வாழ்த்துவார்கள்.

தோக்கியோ நிலையத்தில் காமகுரா போகும் யோகோசுகா லைன் ஆழத்தில், தரைக்குக் கீழே இருக்கிறது. மேலேயிருந்து இறங்கி வரவே பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. வார நாட்களில் காலைக் கூட்டம் தோக்கியோவை நோக்கி வரும், நாம் எதிர்த்திசை. உட்கார இடம் கிடைக்கும். ஷின்ஜுகுவிலிருந்து போனால் ஷோனான் ஷின்ஜுகு லைன். அதில் ஸுஷி போகும் வண்டிதான் நமக்கு. ஒதவாரா போகும் வண்டியும் அதே பிளாட்பாரத்தில், அதே நிறத்தில் வரும். ஒரு குடும்பம் என் பேச்சைக் கேட்காமல் முந்தி ஏறிக்கொண்டது. பதறவில்லை, தோட்ஸுகாவில் இறங்கி எதிர்ப்பக்கம் நிற்கச் சொல்லிச் செய்தி அனுப்பினேன். அங்கே இரண்டு லைனும் ஒரே மேடையின் இரு பக்கம், படி ஏறி இறங்க வேண்டாம். பத்து நிமிடத்தில் வந்து சேர்ந்தார்கள். இப்படி மாறும் இடங்கள் மனப்பாடமாக இருந்தால் குரல் உயராது.

கிட்டா காமகுராவில் இறங்கினால் எங்காகுஜி வாசல்தான். மங்கோலியப் படையெடுப்பில் இறந்தவர்களுக்காக, இரு தரப்புக்கும் சேர்த்து, அன்று ஆட்சியை நடத்திய ஹோஜோ தோகிமுனே 1282-இல் கட்டுவித்த ஸென் கோயில். ரயில் பாதை கோயில் நிலத்தின் குறுக்கே போகிறது. முன்குளம் ஒரு பக்கம், வாசல் மறுபக்கம். 1889-இல் திறந்த பாதை அது. அந்தக் கடவையில் ஆசான் குழுவை நிறுத்தித் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "இது எங்கள் ஆட்கள் பண்ணிய வேலை" என்பார். மன்னிப்பா, பெருமையா என்று இன்னும் எனக்குத் தெரியாது.

இங்கே ஒரு மணி நேரம் கொடுங்கள், அதற்குக் குறைக்காதீர்கள். பலகையில் எழுதியிருக்கும் எல்லாவற்றையும் விளக்க வேண்டாம். புத்தரின் பல் இருப்பதாகச் சொல்லும் ஷாரிதென் தேசியப் பொக்கிஷம், ஆனால் சாதாரண நாட்களில் உள்ளே போக முடியாது. அதைப் பற்றி நீட்டி முழக்கினால் பார்க்க முடியாத ஏக்கம்தான் மிச்சம். 1301-இல் வார்த்த பெரிய மணியைப் பார்க்கச் செங்குத்தான படி ஏற வேண்டும். நம்மவர்கள் வந்தால் அங்கே ஒரு சூட்சுமம் உண்டு. ஜப்பானியரின் பென்சாய்தென் நம் சரஸ்வதி. இது காதில் விழுந்ததும் ஊருக்குள் இருக்கும் ஸெனியாராய் பென்தென் போயே ஆகவேண்டும் என்பார்கள். அங்கே ஊற்று நீரில் கழுவிய காசு பெருகும் என்பதையும் சொல்லிவிட்டால் தீர்ந்தது, மதியத்தில் ஒரு மணி நேரம் மேட்டில் போய்விடும். எங்காகுஜி மணிக்கு அருகிலேயே ஒரு பென்தென் சன்னதி இருக்கிறது. படி ஏற முடிந்தவர்களை அங்கே கூட்டிப்போய்க் கும்பிடவைத்துவிட்டால் அந்த மேடு மிச்சம்.

சினிமா பிரியர் யாராவது இயக்குநர் ஓஸு யாசுஜிரோவின் கல்லறையைக் கேட்பார்கள். இந்தக் கோயில் இடுகாட்டில்தான் இருக்கிறது. கேட்டவரை மட்டும் கூட்டிப் போங்கள், முழுக் குழுவையும் அல்ல. அது குடும்பங்கள் வந்து பூ வைக்கும் இடம்.

அடுத்த கோயிலான கென்ச்சோஜிக்குப் போகும் சாலையில் நடைபாதை ஓராள் அகலம், பக்கத்திலேயே கார்கள். வரிசையாகத்தான் போக முடியும். வழிகாட்டி முன்னால் போவது வழக்கம். ஆசான் கடைசியில் வருவார். முன்னால் போகிறவர் தொலைய மாட்டார், பின்னால் வருகிறவர்தான் தொலைவார் என்பது அவர் கணக்கு. ஒவ்வொரு திருப்பத்திலும் ரயில்வேக்காரர் சிக்னலைக் காட்டுவதுபோல விரலை நீட்டி, வாய்விட்டுத் தலை எண்ணுவார். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது என் விரலும் தானாக நீள்கிறது. மனசுக்குள் எண்ணினால் ஒன்று விட்டுப்போகும். வாயால் எண்ணினால் போகாது.

1253-இல் தொடங்கிய கென்ச்சோஜியில், சீனாவிலிருந்து வந்த விதையில் முளைத்தவை என்று சொல்லும் பழைய ஜூனிப்பர் மரங்கள் நிற்கின்றன. அங்கே பேசாமல் பத்து நிமிடம் உட்காரவிடுங்கள். கென்ச்சின் சூப் இந்தக் கோயிலில் பிறந்தது என்பார்கள். காய்கறியும் டோஃபுவும்தான், ஆனால் கடையில் அதன் சாறு காட்சுவோ மீனில் எடுத்ததாக இருக்கலாம். சோபா, உடோன் எதற்கும் இதே கதை. "இறைச்சி இல்லையே?" என்று கேட்டால், "இல்லை" என்றுதான் பதில் வரும், அது பொய்யும் அல்ல. மீன் சாறும் கூடாது என்று ஜப்பானிய மொழியில் எழுதிய ஒரு அட்டை என் பையில் எப்போதும் இருக்கும். சைவக்காரர்கள் அதிகம் என்றால் ஷோஜின் என்ற கோயில் சைவச் சாப்பாடு கிடைக்கும் இடத்தில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பதினொன்றரைக்குள் உட்கார்ந்துவிடவும் வேண்டும். பன்னிரண்டானால் கோமாச்சி தெருவில் வரிசைதான்.

அந்தத் தெருவில் தின்றுகொண்டே நடக்காதீர்கள் என்று 2019 முதல் நகராட்சி விதியே இருக்கிறது. அபராதம் இல்லை, மரியாதைதான். கடற்கரையிலும் தின்னக் கொடுக்க வேண்டாம். யுயிகாஹமா மேலே வட்டமிடும் பருந்துகள் பின்பக்கமாக வந்து கையில் இருப்பதைப் பறித்துவிடும். குழந்தை கையில் பிஸ்கட் இருந்தால் பிஸ்கட்டோடு போகாது, விரலும் கிழியும்.

ஹச்சிமான்கு கோயிலில் 61 படி. அதன் அடியில் நின்ற பெரிய கின்கோ மரம் 2010 மார்ச் 10 அதிகாலைக் காற்றில் வேரோடு சாய்ந்தது. 1219-இல் மூன்றாம் ஷோகன் சானெதோமோ கொல்லப்பட்டது இந்தப் படியருகே. கொலைகாரன் அந்த மரத்தின் பின்னால் ஒளிந்திருந்தான் என்பது ஊர்க்கதை. அடிமரத்திலிருந்து தளிர் விட்டு வளர்ந்துகொண்டிருக்கிறது. கதையை மேலே போய்ச் சொல்லாதீர்கள், படியின் கீழே சொல்லுங்கள். ஏற முடியாதவர்களும் கேட்பார்கள்.

பிறகு எனோடென் என்ற அந்தக் கடலோர ரயில். பத்து கிலோமீட்டர் ஒற்றைப் பாதை, 1910-இல் முழுதாக முடிந்தது. 2023 முதல் பதினாலு நிமிடத்துக்கு ஒரு வண்டி. கூட்டம் வந்தாலும் கூடுதல் வண்டி விட வழியில்லை. ஹாஸே மூன்றாவது நிறுத்தம்தான், சுமார் இரண்டு கிலோமீட்டர். ஜூன் மாத ஹைட்ரேஞ்சியா பூக்கும் சனி, ஞாயிறில் வரிசை நிலையத்துக்கு வெளியே வந்துவிட்டால் யோசிக்காமல் நடந்துவிடுங்கள்.

பெரிய புத்தரிடம் முக்கால் மணி நேரம். உயரம் 11.3 மீட்டர், எடை 121 டன், 1252-இல் வார்ப்பு தொடங்கியதாகச் சொல்கிறார்கள். எல்லோரும் முன்னால் படம் எடுத்துவிட்டுத் திரும்புவார்கள். பின்னால் கூட்டிப்போங்கள். முதுகில் இரண்டு ஜன்னல் இருக்கும். வெண்கலத்தை அடுக்கடுக்காக வார்த்து இணைத்த தையல் அங்கே கண்ணுக்குத் தெரியும். எத்தனை கைகள் வேலை செய்திருக்கும் என்று கேட்டுவிட்டு நான் நிறுத்திக்கொள்வேன். பதில் வேண்டியதில்லை.

திட்டம் எழுதியதும் நேரே குழுவைக் கூட்டிப்போகக் கூடாது. முன்னதாக ஒருமுறை தனியாக நடந்து பார்க்க வேண்டும்; அதுதான் சிதாமி. நம் வேகத்தில் நடந்தால் சிதாமி செய்ததற்கு அர்த்தம் இல்லை. ஆசான் அன்றைக்குத் தன் மனைவியைக் கூட்டி வருவார். மனைவிக்கு இடுப்பு வலி. அந்தம்மா எங்கே நின்றாரோ அங்கே பென்சிலில் ஒரு புள்ளி. கழிப்பறை, நிழல், உட்காரும் திண்ணை எல்லாம் அந்தப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் தேடி எழுதுவார்.

திரும்பும் வழி பற்றி ஒன்று. சாயங்காலம் காமகுரா நிலையத்தில் கூட்டம் அப்பும். குளிர்காலத்தில் வானம் தெளிவாக இருந்தால் இனாமுராகசாக்கியில் ஃபூஜி மலையைப் பார்த்துவிட்டு, அதே எனோடெனில் மேற்கே ஃபுஜிசாவா போய் அங்கிருந்து தோக்கியோவுக்கோ ஷின்ஜுகுவுக்கோ ஏறலாம். ஆனால் யாராவது ஒருவர் காலையில் காமகுரா நிலைய லாக்கரில் பையை வைத்திருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும்; மொத்தக் குழுவும் திரும்பி வர வேண்டும். எனவே முதல் நாள் இரவு அனுப்பும் செய்தியில் பயண விவரம் எதுவும் வேண்டாம். சந்திக்கும் இடம், நேரம், நடக்கிற செருப்பு, தோளில் தொங்கும் சின்னப் பை ஒன்று. பெட்டியை விடுதியிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.